சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கைப் புது டிஸ்க்குக்கு மாற்றுவது: பழைய கம்ப்யூட்டர்களுக்கு

கேள்வி இதுதான். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர், உள்ளே 80 ஜிபி ஐடிஇ (அகலமான ரிப்பன் கேபிளில் மாட்டும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க். கொஞ்ச நாளாக பூட் ஆகவே பத்து நிமிஷம் பிடிக்கிறது. சில ஃபைல்களைத் தொட்டால் அப்படியே உறைந்து நிற்கிறது, எப்போதாவது நீலத்திரை வருகிறது. அதிலுள்ள சாஃப்ட்வேரின் சிடி தொலைந்துவிட்டதால் புதிதாக இன்ஸ்டால் செய்ய வழியில்லை. இருப்பது இருந்தபடியே புது டிஸ்க்குக்கு மாற்ற முடியுமா, எந்த டிஸ்க் பொருந்தும், அதற்கு முன் செக் டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஓட்டாதீர்கள். செக் டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்குவது, உங்கள் தகவலைக் காப்பாற்றுவது அல்ல. 'ஆர்' ஆப்ஷனோடு ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் ஒரு தடவை படிக்கும். படிக்க முடியாத இடத்தில் திரும்பத் திரும்ப முட்டும். நடு நடுவே அதே டிஸ்க்கில் எழுதவும் செய்யும். ஃபோல்டர் விவரம் இருந்த செக்டர் (டிஸ்க் தகவலைப் பிரித்து வைக்கும் 512 பைட் கட்டம்) படிக்கவில்லை என்றால், அந்த ஃபோல்டரைச் சேர்ந்தவற்றை அனாதை ஃபைல்களாக வேறு பெயரில் கொண்டுபோய்க் கொட்டிவிடும். டிஸ்க்குக்கு இன்னும் சில மணி நேர ஆயுள்தான் மிச்சம் என்றால், அதைச் செலவழிக்க இதைவிட மோசமான வழி கிடையாது. டீஃப்ராக், ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் எல்லாம் இதே ரகம். பழைய டிஸ்க்கில் இனி ஒரு பைட்கூட எழுதக் கூடாது. ரிப்பேர் எதுவானாலும் பிரதியில்தான்.

ஒரு விஷயத்தை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கெட்டது டிஸ்க்தானா? ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலை, எடுத்துப் பாருங்கள். லினக்ஸில் 'ஸ்மார்ட்சிடிஎல்', விண்டோஸில் 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' காட்டும். பார்க்க வேண்டிய எண்கள் நான்கு. 5ஆம் எண், டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டர்கள். 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். 198, டிஸ்க் தானே சோதித்துப் பார்த்துத் தோற்றவை. 199, கேபிள் வழியே போகும்போது சிதைந்த தகவல். இவற்றின் அசல் எண்ணைத்தான், 'ரா வேல்யூ' என்ற பத்தியைத்தான் பார்க்க வேண்டும். 'பாஸ்டு' என்று பச்சையில் வருவதை நம்ப வேண்டாம். 197இல் நூற்றுக்கணக்கில் நிற்கும் டிஸ்க்கும் அப்படிச் சொல்லும்.

199 மட்டும் ஏறிக்கொண்டே போய், 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருந்தால் குற்றவாளி கேபிள். ஐடிஇ கேபிளில் இரண்டு வகை உண்டு: 40 கம்பி, 80 கம்பி. இரண்டுக்கும் பின் எண்ணிக்கை ஒன்றுதான் என்பதால் தூரத்தில் பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். ரிப்பன் நெருக்கமான மெல்லிய கோடுகளாக இருந்தால் அது 80. வேகம் நொடிக்கு 33 எம்பிக்கு மேலே போக 80 கம்பி வேண்டும். அதில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு (அந்தக் கேபிளின் முதல் டிஸ்க்), நடுவிலுள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது). எக்ஸ்பியில் இன்னொரு வினோதம்: ஆறு முறை டைம்அவுட்டோ சிஆர்சி பிழையோ (வழியில் தகவல் சிதைந்தது என்ற பிழை) சேர்ந்துவிட்டால், அந்த ஐடிஇ சேனலின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் பிஐஓ மோடில், அதாவது தகவலையெல்லாம் ப்ராசஸரே சுமக்கும் மிக மெதுவான முறையில், தள்ளிவிடும். கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் போவதற்கு இது ஒன்றே போதும். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு பக்கத்தில் இப்போது எந்த மோடில் ஓடுகிறது என்று பார்க்கலாம்.

டிஸ்க்கே கெட்டது என்று தெரிந்தாலும் எப்படிக் கெட்டது என்பது முக்கியம். சத்தமில்லாமல் சுற்றுகிறது, பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள்) பெயர் சரியாகத் தெரிகிறது, சில இடங்களில் மட்டும் திணறுகிறது என்றால் கீழே சொல்லும் வழி பொருந்தும். சீராக 'டக்... டக்... டக்' என்று தட்டிவிட்டு நின்றுபோகிறது என்றால் ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) போயிருக்கலாம். ஒரே ஒரு முறை வேறு பவர் கேபிளில் மாட்டிப் பாருங்கள், ஏனென்றால் 12 வோல்ட் தளர்ந்த பழைய பவர் சப்ளையும் இப்படித் தட்ட வைக்கும். அப்போதும் தட்டினால் மின்சாரத்தை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பது பணம் கொடுக்கத் தகுந்ததா என்று யோசியுங்கள். அது டேட்டா ரெக்கவரி லேபின் வேலை. மூடியைத் திறக்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் பழைய வைத்தியமும் வேண்டாம், தட்டின் மேல் ஈரம் படியும். அதே மாடலின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டுவதும் பெரும்பாலும் பலிக்காது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டிலுள்ள ரோம் சிப்பில் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை பழைய டிஸ்க்குக்கே உரியது. வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது ஒரு முறை குளிர்ந்து நின்றால் மறுபடி சுற்றாமல் போகலாம். அதனால் பிரதி எடுக்கத் தேவையான சாமான்களையெல்லாம் தயாராக எடுத்து வைத்துவிட்டு, பிறகு அதை நிறுத்துங்கள். மாட்டியபின் பிரதி முடியும்வரை சும்மா ஆன்-ஆஃப் செய்யாதீர்கள்.

இனி புது டிஸ்க். பழைய கம்ப்யூட்டரில் 'பெரிதாக வாங்கிவிடுவோம்' என்பது பல தடவை தவறான முடிவு. பழைய பயாஸ்களில் அடுக்கடுக்காகச் சுவர்கள் உண்டு: 528 எம்பி, 8.4 ஜிபி, சில அவார்டு பயாஸ்களில் 32 ஜிபி சொச்சம், பிறகு 137 ஜிபி. உங்கள் காலத்துக் கம்ப்யூட்டரில் இடிக்கப்போவது பெரும்பாலும் கடைசிச் சுவர். பழைய ஏடிஏ முறையில் செக்டர் எண்ணுக்கு 28 பிட்தான்; 26,84,35,456 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட், ஆக 137 ஜிபி. அதைத் தாண்ட 48 பிட் முகவரி வேண்டும். அது பயாஸிலும் இருக்க வேண்டும், விண்டோஸிலும் இருக்க வேண்டும். எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 1இலிருந்துதான் அது உண்டு. விண்டோஸ் 98இல் கிடையாது. இல்லாத சிஸ்டத்தில் பெரிய டிஸ்க்கை மாட்டினால் 'இடம் தெரியவில்லை' என்பதோடு போகாது. 137 ஜிபியைத் தாண்டி எழுதப் போகும்போது முகவரி சுற்றிவந்து டிஸ்க்கின் தலைப்பகுதியில் எழுதும். பார்ட்டிஷன் டேபிள், பூட் செக்டர் எல்லாம் ஒரே நாளில் காலி.

அதனால் என் தேர்வு 120 ஜிபி சாட்டா (ஐடிஇக்குப் பின் வந்த இணைப்பு) எஸ்எஸ்டி, கூடவே ஒரு சாட்டா-ஐடிஇ அடாப்டர். 120 ஜிபி என்று விற்பதில் வழக்கமாக 23,44,41,648 செக்டர் இருக்கும். உங்கள் 80 ஜிபியில் வழக்கமாக 15,63,01,488. பிரதிக்குப் போதுமானதற்கு மேலேயே இருக்கிறது, 137 சுவருக்கும் உள்ளே அடங்குகிறது. புது டிஸ்க்கின் செக்டர் எண்ணிக்கை பழையதைவிட ஒன்றுகூடக் குறையக் கூடாது. லேபிளில் உள்ள ஜிபியை நம்பாமல் செக்டர் எண்ணையே ஒப்பிடுங்கள். 80 என்று ஒட்டியிருந்த பழைய டிஸ்க்குகளில் சில உண்மையில் 82 ஜிபிக்குக் கிட்டே இருக்கும். மீதி 40 ஜிபியைப் பார்ட்டிஷன் போடாமல் காலியாக விட்டுவிடுங்கள். எக்ஸ்பிக்கு ட்ரிம் (அழித்த இடங்கள் எவை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) தெரியாது. அந்தக் காலியிடம் எஸ்எஸ்டிக்கு மூச்சுவிடும் இடமாக உதவும்.

அடாப்டரில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பல அடாப்டர்கள் எப்போதும் மாஸ்டராகவே நடந்துகொள்ளும். அதே கேபிளில் சிடி டிரைவும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தெரியாது. டிஸ்க்கைத் தனிக் கேபிளில் கறுப்பு முனையில் மாட்டுவது நிம்மதி. இரண்டு, பவர். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயரில், சாட்டா முனை ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்த்து மூடியிருந்தால் வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் நெருங்கி, தொட்டு, எரிந்த கதைகள் நிறைய. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செருகியது கண்ணுக்குத் தெரியும் வகைதான் நல்லது.

லேப்டாப் என்றால் கணக்கு வேறு. 2.5 அங்குல ஐடிஇயில் 44 பின், நெருக்கமான 2 மில்லிமீட்டர் இடைவெளி, மின்சாரமும் அதிலேயே வரும். எம்சாட்டா எஸ்எஸ்டியை 44 பின்னுக்கு மாற்றும் சட்டம் அதே இடத்தில் உட்கார்ந்துவிடும். மாட்டும்போது ஒரு பின் தள்ளி மாட்டினால் புகைதான், இரண்டு முறை பாருங்கள்.

உங்கள் மதர்போர்டில் சாட்டாவே இருந்தால் அடாப்டர் வேண்டாம். ஆனால் வியா விடி8237 சிப்செட் உள்ள போர்டுகள் 3 ஜிகாபிட் சாட்டா டிஸ்க்கைக் கண்டுகொள்ளாது, 1.5க்கு இறக்கும் ஜம்பர் உள்ள ஹார்ட் டிஸ்க்தான் அங்கே ஓடும். எஸ்எஸ்டியில் அந்த ஜம்பர் இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல எஸ்எஸ்டியைக் 'கெட்டுப் போனது' என்று திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். பெரிய ஹார்ட் டிஸ்க்கே வேண்டும் என்றால், 2 டிபிக்கு மேல் போகாதீர்கள். எம்பிஆர் (டிஸ்க்கின் முதல் செக்டர்) வைத்திருக்கும் பார்ட்டிஷன் டேபிளுக்கு 2.2 டிபிதான் எல்லை, அதற்குப் பின் வந்த ஜிபிடி முறை 32 பிட் எக்ஸ்பிக்குப் புரியாது. வெளியிலும் 4096 பைட் செக்டர் காட்டும் வகையை எக்ஸ்பி ஏற்காது.

பிரதி எடுக்கும் வேலையை அந்தப் பழைய கம்ப்யூட்டரிலேயே செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. சொல்லப்போனால் வேறு கம்ப்யூட்டரில் செய்வதே நல்லது. பழையதில் யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகாது, 64 பிட் லைவ் லினக்ஸ் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ்) ஓடாது, 32 பிட் வெளியீடு தேட வேண்டும், அதிலும் பிஏஇ (கூடுதல் நினைவகத்தைக் கையாளும் வசதி) இல்லாத ப்ராசஸர் என்றால் அது வேறு தேடல். யுஎஸ்பி 1.1 போர்ட் மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் நொடிக்கு 1 எம்பி என்று கணக்குப் போட்டால் 80 ஜிபிக்கு 22 மணி நேரம். யுஎஸ்பி 2.0இல் நொடிக்கு 30 எம்பி வந்தால் முக்கால் மணி நேரம்.

அதே சமயம், நோயாளி டிஸ்க்கை ஐடிஇ போர்ட்டில் நேரடியாக மாட்ட முடிந்தால் அதுவே முதல் தேர்வு. யுஎஸ்பி அடாப்டர்கள் நல்ல டிஸ்க்குக்குச் சரி. பேட் செக்டரில் டிஸ்க் பதில் சொல்லாமல் பத்து, இருபது விநாடி மல்லுக்கட்டும்போது நடுவிலுள்ள அடாப்டர் சிப் பொறுமை இழந்து இணைப்பையே துண்டித்துவிடும். ஐடிஇ போர்ட்டும் யுஎஸ்பி 2.0ம் சேர்ந்து உள்ள ஒரு டெஸ்க்டாப் கிடைத்தால் இந்த வேலைக்கு அதுவே பொன். பழையது ஐடிஇயில், பிரதி போகும் இடம் யுஎஸ்பியில்.

விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டரில் நோயாளியை மாட்டி விண்டோஸை பூட் செய்யாதீர்கள். அது உடனே டிரைவ் லெட்டர் கொடுக்கும், ஃபைல் சிஸ்டத்தைத் துழாவும், பூட் ஆகும்போதே செக் டிஸ்க்கைத் தொடங்கும், 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்கும். லைவ் லினக்ஸில் பூட் செய்யுங்கள். அதிலும் டிஸ்க்கைத் தானாக மவுன்ட் செய்யாத (ஃபைல்களைப் பார்க்கத் திறக்காத) ரெஸ்க்யூ வகை.

மென்பொருள் என்று வந்தால் ஒரே பெயர்தான்: குனு டிடிரெஸ்க்யூ. சாதாரண 'டிடி' முதல் பிழையில் நின்றுவிடும். பிழையைத் தாண்டச் சொன்னாலும் வரிசையாகவே போகும், மோசமான இடத்திலேயே மணிக்கணக்கில் உட்காரும். குளோன்ஸில்லா நல்ல டிஸ்க்குக்கு அருமையான கருவி; பேட் செக்டர் வந்தால் ரெஸ்க்யூ ஆப்ஷன் கொடுக்காதவரை கைவிரித்துவிடும். டிடிரெஸ்க்யூவின் தந்திரம் எளிமையானது. சுலபமாக வருவதை முதலில் அள்ளு, திணறும் இடத்தைத் தாண்டி ஓடு, தாண்டிய இடங்களைக் குறித்து வை, பிறகு திரும்பி வந்து ஓரங்களைச் செதுக்கு. டிஸ்க் எந்த நிமிஷமும் சாகலாம் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

குறித்து வைக்கும் அந்தக் குறிப்பேடுதான் மேப் ஃபைல். அது இல்லாமல் டிடிரெஸ்க்யூவைத் தொடங்கவே தொடங்காதீர்கள். மின்சாரம் போனாலும், நீங்களே நிறுத்தினாலும், அடுத்த தடவை அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் ஃபைலை பழைய டிஸ்க்கிலும் வைக்காதீர்கள், லைவ் லினக்ஸின் நினைவகத்திலும் வைக்காதீர்கள் (ரீபூட் ஆனால் போச்சு). தனி பென் டிரைவ் போதும்.

நேரடியாக எஸ்எஸ்டியில் எழுதலாம். இடம் இருந்தால் முதலில் ஒரு பெரிய டிஸ்க்கில் இமேஜ் ஃபைலாக எடுத்துவிட்டு, அதிலிருந்து எஸ்எஸ்டிக்கு எழுதுவது இன்னும் நல்லது. பிரதியில் செக் டிஸ்க் ஓட்டி அது ஏதாவது குளறுபடி செய்தால், இமேஜிலிருந்து மறுபடி எழுதிக்கொள்ளலாம். செத்துப்போன டிஸ்க்கிடம் மறுபடி போக முடியாது. இமேஜ் வைக்கும் டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது, 4 ஜிபியில் நின்றுவிடும்.

இப்போது இந்த வேலையின் மிகப் பெரிய விபத்து: பழையதும் புதியதும் இடம் மாறிப்போவது. காலி எஸ்எஸ்டியைப் பழைய டிஸ்க்கின் மேல் பிரதி எடுத்துவிட்டால் கதை முடிந்தது. 'எஸ்.டி.ஏ', 'எஸ்.டி.பி' என்ற பெயர்களை நினைவில் வைத்து வேலை செய்யாதீர்கள். அவை ரீபூட்டில் மாறும், யுஎஸ்பி ஒரு தடவை துண்டித்து ஒட்டினாலும் மாறும். 'எல்.எஸ்.பிளாக்' கட்டளையில் மாடலும் சீரியல் எண்ணும் காட்டச் சொல்லி, டிஸ்க்கின் லேபிளோடு கண்ணால் ஒப்பிட்டு, ஒரு தாளில் 'இதிலிருந்து', 'இதற்கு' என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிடிரெஸ்க்யூ கட்டளையில் வரிசை எப்போதும் இதுதான்: முதலில் ஆப்ஷன்கள், அடுத்தது படிக்க வேண்டிய டிஸ்க், அடுத்தது எழுத வேண்டிய டிஸ்க் அல்லது இமேஜ், கடைசியில் மேப் ஃபைல். பார்ட்டிஷனை அல்ல, முழு டிஸ்க்கைக் கொடுங்கள்; பெயருக்குப் பின்னால் 1, 2 என்ற எண் இருக்கக் கூடாது. எம்பிஆரும், முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள 63 செக்டரும் அப்போதுதான் வரும். சில பழைய சாஃப்ட்வேர்கள் லைசென்ஸ் விவரத்தை அந்த மறைவிடத்தில்தான் வைத்தன. வால்யூம் சீரியல் எண்ணோடு கட்டியவையும் இந்த முறையில் பிழைக்கும். டிஸ்க்கின் தயாரிப்பு சீரியலைப் படித்துப் பூட்டியவை மட்டும் புது டிஸ்க்கில் முரண்டு பிடிக்கும்.

முதல் ஓட்டத்துக்குச் சின்ன எழுத்து 'என்' ஆப்ஷன். செதுக்கும் வேலையைத் தள்ளிப்போடு என்று பொருள். டிஸ்க்கிலேயே நேரடியாக எழுதுகிறீர்கள் என்றால் 'எஃப்' ஆப்ஷனும் வேண்டும்; அது இல்லாமல் எழுத மறுக்கும், அந்த மறுப்பு ஒரு நல்ல பாதுகாப்பு. 'எஃப்' தட்டும் முன் தாளை இன்னொரு முறை பாருங்கள். இந்த ஓட்டத்திலேயே படிக்கக்கூடியதில் பெரும்பகுதி வந்துவிடும். ஆரோக்கியமான 80 ஜிபி ஐடிஇ டிஸ்க் நொடிக்கு 40 எம்பி கொடுத்தால் அரை மணி நேர வேலை. உங்களுடையதற்கு ஒரு ராத்திரியும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். ஆயிரம் பேட் செக்டர், ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி என்றாலே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் போய்விடும்.

இரண்டாம் ஓட்டத்தில் 'என்'னை எடுத்துவிட்டு, 'டி' ஆப்ஷனும், 'ஆர்' ஆப்ஷனோடு 3ம் சேருங்கள். 'டி' என்றால் கெர்னலின் இடைச்சேமிப்பைத் தாண்டி நேராகப் படி; 'ஆர் 3' என்றால் தோற்ற இடங்களை மூன்று சுற்று முயற்சி செய். அதே மேப் ஃபைல், அதே டிஸ்க் வரிசை. மூன்றுக்குப் பிறகும் பிடிவாதம் பிடித்தால் பெரிய எழுத்து 'ஆர்', அதாவது பின்னாலிருந்து முன்னால் படிப்பது. எதிர்த் திசையில் வரும்போது சில செக்டர்கள் மசியும். நூறு சுற்று என்று கொடுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பத்து சுற்றில் ஒரு செக்டரும் கூடவில்லை என்றால் இனி வராது.

ஓடும்போது திரையில் மூன்று இடத்தில் கண் வையுங்கள். 'ரெஸ்க்யூட்' அளவு ஏறுகிறதா, 'ரீட் எரர்ஸ்' எவ்வளவு, கடைசியாக ஒரு செக்டர் வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரம் ஆனது. பிழைகள் மெதுவாக, ஒன்றொன்றாக ஏறினால் அது இயல்பு. திடீரென்று ஒரு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் பறந்தால் டிஸ்க் இணைப்பிலிருந்தே கழன்றுவிட்டது. மிச்சம் இருப்பதையெல்லாம் கெட்டது என்று மேப் ஃபைலில் எழுதிக்கொண்டிருக்கிறது. உடனே கன்ட்ரோல் சி அடித்து நிறுத்தி, டிஸ்க்கின் மின்சாரத்தை எடுத்துவிட்டுக் கொடுத்து, டிஸ்க்கின் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்த்துத் தொடருங்கள். இதற்காகத்தான் மேப் ஃபைலுக்கு அவ்வப்போது ஒரு நகல் எடுத்து வைப்பது.

மேப் ஃபைல் வெறும் எழுத்து ஃபைல்தான், திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு வரியிலும் தொடக்க இடம், நீளம், ஒரு குறி. + என்றால் வந்துவிட்டது. ? என்றால் இன்னும் தொடவில்லை. * ஓரம் வெட்டாதது, / செதுக்காதது, - படிக்கவே முடியாத செக்டர். - குறிகள் டிஸ்க் முழுக்கச் சீரான இடைவெளியில் கோடு போட்டது போல வந்தால் ஒரு ஹெட் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு தட்டுப் பரப்பில் ஒன்று முழுவதும் இருட்டு. அப்போது செதுக்குவதை நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பதன் மதிப்பை யோசியுங்கள். ஓரிரு இடத்தில் கொத்தாக இருந்தால் பரப்பில் கீறல் அல்லது தேய்மானம். கீறலின் மேலேயே ஹெட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஹெட்டும் போகும்.

பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி வைத்து டிஸ்க்கின் மேல் காற்றுப் படும்படி விடுங்கள். தொட்டால் கை சுடும் அளவுக்குப் போனால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடரலாம். முன்னே சொன்ன 'மறுபடி சுற்றாமல் போகும்' பயம் இருப்பதால் முதல் ஓட்டம் முடியும் முன் அதைத் தவிர்க்கப் பாருங்கள். டிஸ்க்கைத் தட்டையாக, ஆடாமல் வையுங்கள்.

கவனிக்காமல் விடப்படும் ஒரு நுணுக்கம்: படிக்க முடியாத இடங்களில் டிடிரெஸ்க்யூ புது டிஸ்க்கில் எதையும் எழுதாது. அங்கே ஏற்கெனவே என்ன இருந்ததோ அதுவே இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்த புது எஸ்எஸ்டி என்றால் பூஜ்யங்கள். யாரோ உபயோகித்த டிஸ்க் என்றால் அவர்களின் பழைய குப்பை உங்கள் ஃபைல்களின் நடுவில் உட்காரும். உபயோகித்த டிஸ்க்கை முதலில் பூஜ்யத்தால் நிரப்பிவிடுங்கள்.

எந்தெந்த ஃபைல் பாதித்தது என்று தெரிய வேண்டுமா? டிடிரெஸ்க்யூவிலேயே 'ஃபில் மோட்' உண்டு. வேறெங்கும் வராத ஒரு சொற்றொடரை ஒரு ஃபைலில் எழுதி, - குறியுள்ள இடங்களிலெல்லாம் அதைப் பிரதியில் நிரப்பச் சொல்லலாம். பிறகு பிரதியை மவுன்ட் செய்து எந்த ஃபைல்களுக்குள் அந்தச் சொற்றொடர் இருக்கிறது என்று தேடினால் பட்டியல் கையில். இதை இமேஜின் இன்னொரு நகலில் செய்யுங்கள், ஓடப்போகும் பிரதியில் அல்ல.

பிரதி முடிந்தது, கம்ப்யூட்டரை ஆஃப் செய்தாயிற்று. இனி பழைய டிஸ்க்கை முழுவதும் கழற்றி எடுத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டி விண்டோஸை பூட் செய்வது கூடாது. எம்பிஆரில் நான்கு பைட் டிஸ்க் கையொப்பம் ஒன்று உண்டு. பிரதியிலும் அதே கையொப்பம். எந்த பார்ட்டிஷனுக்கு சி என்ற எழுத்து என்பதை எக்ஸ்பி அந்தக் கையொப்பத்தையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் வைத்துத்தான் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருக்கிறது. ஒரே கையொப்பத்தில் இரண்டைப் பார்த்தால் ஒன்றை மாற்றிவிடும். பிறகு பிரதியைத் தனியாக பூட் செய்தால் அது சி ஆக இல்லாமல் வேறெதுவோ ஆகிவிட்டிருக்கும். லாகின் திரை வரும், பாஸ்வேர்டு கொடுத்தால் உள்ளே போய் அதே நொடியில் வெளியே தள்ளும். எவ்வளவு தடவை முயன்றாலும் அதேதான்.

பிரதியைப் பழைய டிஸ்க் இருந்த அதே போர்ட்டில் மாட்டுங்கள். சாட்டா போர்ட்டில் மாட்டுகிறீர்கள் என்றால் பயாஸில் ஏஹெச்சிஐ (சாட்டாவின் புதிய இயக்க முறை) அல்ல, ஐடிஇ அல்லது கம்பேட்டிபிள் மோடாக இருக்க வேண்டும். எக்ஸ்பியோடு ஏஹெச்சிஐ டிரைவர் வராது, 7பி என்று முடியும் நீலத்திரையில் நின்றுவிடும். நீலத்திரைக்கே போகாமல் கறுப்புத் திரையில் 'டிஸ்க் ரீட் எரர்' என்று நின்றால் வேறு காரணம்: பயாஸ் புது டிஸ்க்கைப் பார்க்கும் ஹெட் கணக்கும், என்டிஎஃப்எஸ் பூட் செக்டரில் எழுதியிருக்கும் ஹெட் கணக்கும் பொருந்தவில்லை. சில லேப்டாப் பயாஸ்கள் 240 ஹெட் என்றும் மற்றவை 255 என்றும் எண்ணுவதால் வரும் வம்பு. முதலில் பயாஸில் அந்த டிஸ்க்கின் மோடை ஆட்டோ, எல்பிஏ, லார்ஜ் என்று மாற்றிப் பாருங்கள்.

பூட் ஆனதும் இப்போது செக் டிஸ்க் ஓட்டலாம், 'எஃப்' ஆப்ஷன் மட்டும். 'ஆர்' தேவையில்லை, புது டிஸ்க்கில் பேட் செக்டர் இல்லை. அது முடிந்ததும் டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலைப் பாருங்கள். இன்னும் பிஐஓ என்றே காட்டினால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்; விண்டோஸ் மறுபடி கண்டுபிடித்து வேகமான டிஎம்ஏ மோடில் ஏற்றிக்கொள்ளும். 80 கம்பி கேபிள் இல்லை என்றால் ஏறினாலும் மேலே போகாது.

எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63ஆம் செக்டரில் தொடங்கும். 32,256 பைட், 4096ஆல் வகுபடாது. அதனால் எஸ்எஸ்டியிலும் 4096 பைட் உள்செக்டர் ஹார்ட் டிஸ்க்கிலும் ஒவ்வொரு எழுதலும் இரண்டு கட்டத்தில் கால் வைக்கும். இதைச் சரிசெய்யப் பார்ட்டிஷனை நகர்த்தச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. ஐடிஇயில் ஓடும் எஸ்எஸ்டிக்கு நான் அதைத் தொடமாட்டேன். கேபிளே நொடிக்கு 100, 133 எம்பிக்கு மேல் விடாது, நகர்த்தப் போய் பூட் ஆகாமல் போகும் அபாயம்தான் மிச்சம். புது ஹார்ட் டிஸ்க்காக இருந்து, எழுதும்போது இழுத்துக்கொண்டே இருந்தால் மட்டும், இமேஜ் பத்திரமாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, ஜிபார்ட்டட் வைத்து நகர்த்திப் பாருங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே தூக்கிப் போட வேண்டாம். தேதி எழுதி ஒட்டி, மின்சாரம் கொடுக்காமல், மேப் ஃபைலின் நகலோடு எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து ஏதோ ஒரு ஃபைல் திறக்கவில்லை என்று தெரிந்தால், அந்த மேப் ஃபைலை வைத்து விட்டுப்போன செக்டர்களுக்கு மட்டும் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம்.